இடமாறுதலில் தொலைந்த தவணைகள்

எங்கள் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்துக்கு நான் செயலாளராக வந்தபோது, 19 பேரின் கடன் தவணை தவறியிருந்தது. எனக்கு முன்பிருந்தவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி நோட்டீஸ் அனுப்பியிருந்தார். பாதி திரும்பி வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொருவருக்கும் சம்பளத்திலிருந்து கடைசியாகப் பிடித்தம் வந்த மாதத்தைப் பென்சிலால் வட்டமிட்டேன். 11 பேருக்கு அது இடமாறுதல் ஆன மாதம்! ஆள் புது ஊருக்குப் போயிருக்கிறார். யார் சம்பளத்தில் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று நாங்கள் அனுப்பும் கேட்புப் பட்டியல் மட்டும் பழைய அலுவலகத்துக்கே போய்க்கொண்டிருந்தது. அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நாங்கள் பேசியதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

புது அலுவலகங்களில் சம்பளம் வழங்கும் அலுவலருக்குப் பட்டியலையும், கடன் வாங்கும்போது உறுப்பினர் கொடுத்த பிடித்தச் சம்மதக் கடிதத்தின் நகலையும் சேர்த்து அனுப்பினேன். இரண்டே மாதத்தில் 9 பேருக்குப் பிடித்தம் தொடங்கியது.

மற்றவர்களை நேரில் பார்த்தேன். "சார், மொத்தமா கேட்டா நான் எங்க போவேன்? மாசம் ரெண்டாயிரம்னா கட்டிடுவேன்" என்றார் ஒரு அம்மா. நிர்வாகக் குழுவில் வைத்துத் தவணையை மாற்றிக் கொடுத்தோம். சொன்ன மாதிரியே கட்டுகிறார்.

எதற்கும் அசையாத இருவர் மீது மட்டும், ஜாமீன்தாரர்களையும் சேர்த்து, 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் சங்கத் தகராறுகளுக்கான 90-ஆவது பிரிவில் வழக்கு போட்டோம். அது நடக்கிறது.

இப்போது இடமாறுதல் உத்தரவு வந்த அன்றே பேரேட்டில் புது அலுவலக முகவரியை எழுதிவிடுகிறேன்.