ரக சோதனைத் திடல் போடுறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேர் எழுதின குச்சி நடாம விடுறது, முளைப்பு பாக்காம விதைக்கிறது, இதெல்லாம் ஒரு தடவ பட்டா தானா புத்தி வந்துரும், அத விடுங்க. புதுசா நெல் ரக சோதனை போடுற பசங்க பருவத்துக்குப் பருவம் அதே குழியில விழுறத பாத்து சலிச்சுப்போய் தான் எழுதுறேன்.

எல்லா ரகத்தையும் ஒரே நாள்ல அறுக்குறது

இது ஒண்ணு தான் இன்னும் எரிச்சல் கெளப்புது. போன அறுப்புல ஒரு திடலுக்குப் போனேன், 110 நாள் ரகமும் 130 நாள் ரகமும் பக்கத்துப் பக்கத்துல நிக்குது, ஆள் இன்னிக்கு தான் கெடச்சாங்கன்னு மொத்தத்தையும் அறுத்துட்டு இருக்காங்க. குட்டை வயசு ரகத்துல தூர வெலக்கிப் பாத்தா தரையெல்லாம் மணி கொட்டிக் கெடக்கு, மேல மிச்சத்த குருவி தின்னுருச்சு. அடுத்த பாத்தியில கதிரோட அடிமணி இன்னும் பச்சை, நகத்தால அமுக்குனா பால் வருது!

அப்புறம் அப்படியே தராசுல போடுறாங்க. 22% ஈரத்துல 5 கிலோ, 13% ஈரத்துல 4.7 கிலோன்னா முதல் இடம் யாருக்குங்க? ரெண்டையும் ஒரே ஈரத்துக்கு, அதாவது 14 சதவீதத்துக்கு மாத்திப் பாருங்க, 5 கிலோ 4.53 ஆயிரும், 4.7 கிலோ 4.75 ஆயிரும். எடைய 100-லருந்து ஈரத்த கழிச்சு வர்றதால பெருக்கி 86-ஆல வகுக்கணும், அவ்ளோ தான் கணக்கு. ஆனா கீழ கொட்டுனத எந்த ஃபார்முலாவ வச்சு சேப்பீங்க? தண்ணி சீக்கிரம் நின்னுபோற வயல்காரருக்கு அந்த குட்டை வயசு ரகம் தான் தேவை, அவரு கையில நீங்க குடுக்குற ஷீட்ல அது கடைசியில கெடக்கு.

ஒவ்வொரு பாத்தியிலயும் பாதிக் கதிர் வெளிய வந்து பூத்த தேதிய எழுதி வைங்க. அதுலருந்து சுமார் 30 நாள், இல்லன்னா மணி 80-85% மஞ்சளானதும், அந்த ரகத்த மட்டும் அறுங்க. நாலு தடவ ஆள் கூப்புடணும் தான், வேற வழியில்ல.

ஓர வரிசை

எடையில சேக்காதீங்க.

ஒரு ரகத்துக்கு ஒரே பாத்தி

மடைப் பக்கம் விழுந்த ரகம் ஜெயிக்கும், ரகத்தால இல்ல, தண்ணியாலயும் வண்டலாலயும். 1920-கள்லயே புள்ளியியல் நிபுணர் ஃபிஷர், இங்கிலாந்துல ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துல உக்காந்து இதுக்கு வழி சொல்லிட்டாரு: குறைஞ்சது மூணு ப்ளாக் (வயல பிரிச்ச பகுதி), ஒவ்வொண்ணுலயும் எல்லா ரகமும், வரிசைய சீட்டு குலுக்கி எடுக்கணும். மடையிலருந்து கடை வரைக்கும் மண்ணு மாறுதுன்னா ப்ளாக்க அதுக்கு குறுக்கால போடுங்க. நீளவாக்குல போட்டுட்டு மூணு ரெப்ளிகேஷன் (ஒவ்வொரு ரகத்தையும் மூணு தடவ போடுறது) வச்சேனேன்னு சொன்னா நான் என்ன பண்ண.

ஒரே பருவத்து ரிசல்ட்டு

பத்தாது. மழை மாறுனா வரிசையும் மாறும்.

விவசாயி இப்ப போடுற ரகத்த சேக்காம விடுறது

நான் போடுறத விட எவ்ளோ கூட வரும்னு தான் அவரு கேப்பாரு, எக்டருக்கு இத்தன டன்னுன்னு தனியா சொன்னா காதுல ஏறாது. சேக்குறவங்களும் புது ரகத்துக்கு புது பாக்கெட் விதை, பழைய ரகத்துக்கு மூலையில கெடந்த சாக்கு விதைன்னு போடுறாங்க. ரெண்டுக்கும் ஒரே பருவத்துல எடுத்த, முளைப்பு சரிபாத்த விதையா போடுங்கப்பா.