கால் கொப்புளம்: பாதயாத்திரை போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நத்தத்தைத் தாண்டித் திண்டுக்கல் செல்லும் சாலையில், எங்கள் முதலுதவிப் பந்தலுக்குப் பின்னால் கிடந்த பெஞ்சில் ஓர் இளைஞர் இடக்காலைத் தூக்கி வலத்தொடைமேல் போட்டுக்கொண்டு, பாதியாக ஒடித்த சவர பிளேடால் முன்பாதத்துக் கொப்புளத்தைச் சுற்றிக் கீறிக்கொண்டிருந்தார். பந்தலில் வரிசை நீளமாக இருந்ததால் தாமே முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். நான் அவர் கையைப் பிடிப்பதற்குள் தோல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாகக் கழன்று வந்துவிட்டது. அடியில் மாதுளை முத்தின் நிறத்தில் சதை பளபளத்தது. பழனிக்கு இன்னும் 80 கிலோமீட்டருக்கு மேல் இருந்தது.

எனக்குக் கோபம் வந்ததற்கு அவர்மட்டும் காரணமில்லை. இதே காரியத்தை இதே பிளேடு வகையால் நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒன்பது முறை நடந்துவிட்டு, முழங்கால் ஒத்துழைக்காத பிறகு பந்தலில் உட்கார்ந்து கட்டுப்போடுகிறவன் நான். புதுச் செருப்போடு கிளம்பக் கூடாது, நகத்தை வெட்டிக்கொள்ள வேண்டும் என்பவையெல்லாம் அனைவருக்கும் தெரிந்தவையாகையால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சூடு தெரிந்த பிறகும் நடந்துகொண்டே இருத்தல்

கொப்புளம் தோலின் மேற்பரப்பு தேய்ந்து வருவது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், ஒவ்வோர் அடியிலும் பாதத்தின் எலும்பு முன்னும் பின்னும் நகர, வெளித்தோல் தரையையோ காலுறையையோ பற்றிக்கொண்டு அங்கேயே நிற்க, இரண்டுக்கும் நடுவில் மேல்தோலின் அடுக்குகள் இழுபட்டு ஓரிடத்தில் பிளந்துவிடுகின்றன. அந்தப் பிளவில்தான் நீர் கோத்துக்கொள்கிறது. காய்ந்த தோலைவிட வியர்வையில் லேசாக ஈரமான தோல் அதிகமாகப் பற்றும் என்பதால், நனைந்த காலுறையோடு நடப்பவருக்கு இது விரைவில் வருகிறது.

பிளப்பதற்கு முன்னால் அந்த இடம் சுடும். அதுதான் உட்கார வேண்டிய நேரம். மருந்துக்கடையில் கிடைக்கும் பேப்பர் பிளாஸ்திரியைச் சுருக்கம் விழாமல் ஒட்டிக்கொள்ள இரண்டு நிமிடம் போதும். இது பாட்டி வைத்தியம் இல்லை. ஆறு கட்டங்களாக ஏறத்தாழ 250 கிலோமீட்டர் ஓடும் பந்தயத்தில், ஒரு காலில் சில இடங்களில் இந்தப் பிளாஸ்திரியை ஒட்டி, அதே காலின் மற்ற இடங்களை அப்படியே விட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. ஒட்டிய இடங்களில் கொப்புளம் சுமார் 40 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆனால் நடப்பவர்களோ, கூட்டம் முன்னே போய்விடும் என்ற பயத்தில் "அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். அடுத்த ஊர் வரும்போது பிளாஸ்திரிக்கு வேலை இருப்பதில்லை.

மேல்தோலை உரித்தெடுத்தல்

எனக்கு இன்றைக்கும் ஆறாத எரிச்சல் இதில்தான். "செத்த தோல்தானே சாமி, எடுத்துடுங்க, காத்துப் பட்டா காய்ஞ்சிடும்" என்று புதிதாக நடப்பவருக்குச் சொல்லிக்கொடுப்பவர் பெரும்பாலும் இருபது வருடம் நடந்த மூத்தவராகவே இருக்கிறார். அவருக்கு உள்ளங்கால் மரக்கட்டைபோல் காய்த்துப் போயிருக்கும். அவர் கடைசியாகக் கொப்புளம் கண்டது எப்போது என்று அவருக்கே நினைவிருக்காது.

செத்த தோல் என்பது சரிதான், ஆனால் அந்தச் செத்த தோலுக்கு ஒரு வேலை இருக்கிறது. கொப்புளத்தின் தரையில் உள்ள உயிரணுக்கள் சில மணி நேரத்திலேயே பழுதுபார்க்கும் பணியைத் தொடங்கிவிடுகின்றன. ஒரு நாளில் அவை வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும். ஐந்து நாள் அளவில் புதிய மேலடுக்கு உருவாகிவிடும். அதுவரை கிருமியும் மண்ணும் உள்ளே போகாமல் தடுப்பது மேலே கிடக்கும் அந்தத் தோல்தான். நீரை மட்டும் வடித்துவிட்டால் அது கீழே படிந்து ஒட்டிக்கொள்ளும். கடையில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்த இடத்துக்கு அவ்வளவு பொருந்துகிற வேறொரு கட்டு கிடைக்காது.

நான் சிங்கம்புணரியில் ஓர் இரவு வலப்பாதத்தில் இதை உரித்தேன். மறுநாள் விடியற்காலையில் முதல் அடியை வைத்தபோது ஊசிக்கூட்டத்தின்மேல் மிதித்ததுபோல் இருந்தது. அந்த இடம் தரையில் படாதிருக்கப் பாதத்தின் வெளி ஓரத்தால் நடந்தேன்; மாலைக்குள் கணுக்கால் வீங்கியது; அதற்கடுத்த நாள் முழங்காலும் சேர்ந்துகொண்டது. புண்ணில் மண் ஒட்டாமல் இருக்க யாரோ கொடுத்த பஞ்சை வைத்துக் கட்டினேன். அன்றிரவு பஞ்சு சதையோடு காய்ந்து ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்தபோது உருவாகியிருந்த கொஞ்சநஞ்சப் புதுத்தோலும் கூடவே வந்தது. திண்டுக்கல்லில் பேருந்து ஏறி வீடு திரும்பினேன். புண் ஆற மூன்று வாரம் ஆனது. முழங்கால் அந்த ஆண்டுக்குப் பிறகு பழைய முழங்காலாக இல்லை. உரிக்காமல் விட்டிருந்தால் நொண்டிக்கொண்டாவது மலையேறியிருப்பேன்.

எனவே, கொப்புளம் சிறிதாக, வலியில்லாமல் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். சுற்றிலும் மெத்தென்ற பஞ்சுப்பட்டையை வளையம்போல் வெட்டி ஒட்டினால் அழுத்தம் குறையும். பெரிதாகி, மிதிக்க முடியாமல் வலித்தால் மட்டும் நீரை வடிக்கலாம். கையையும் பாதத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி, பெட்டடின் போன்ற அயோடின் மருந்தைத் தடவி, உறை பிரிக்காத புதிய சிரிஞ்சு ஊசியால் கொப்புளத்தின் ஓரத்தில், அதன் அடித்தளத்தை ஒட்டினாற்போல் இரண்டு மூன்று இடங்களில் துளையிட வேண்டும். நடுவில் குத்தினால் துளை அடைபட்டு மறுபடி வீங்கும். காஸ் துணியை வைத்து மெல்ல அழுத்தினால் நீர் வெளியேறிவிடும். பிறகு தோலைத் தடவிப் படிய வைத்து, மெலிதாக வேஸ்லின் பூசி, ஒட்டாத கட்டுத்துணியை வைத்துப் பிளாஸ்திரி போட வேண்டும். முதல் 24 மணி நேரத்துக்குள் மீண்டும் நீர் கோத்தால் பயப்பட வேண்டாம். அதேபோல் மறுபடியும் வடித்துக்கொள்ளலாம்.

குதிகாலின் ஓரத்தில் தடித்த தோலுக்கு அடியில் வருவது வேறு கதை. அங்கே நீர் ஆழத்தில் இருக்கும். ஊசியால் எவ்வளவு குடைந்தாலும் கிடைக்காது, ரத்தம்தான் வரும். அதை விட்டுவிடுங்கள்.

தோல் தானாகவே கிழிந்துவிட்டால் கழுவிவிட்டு, கிழிந்த மடலை விரித்து, இருந்த இடத்திலேயே படுக்க வையுங்கள். பந்தலில் நான் அந்த இளைஞருக்கு இதைச் செய்ய முடியவில்லை. அவருடைய தோல் பெஞ்சுக்கடியில் மண்ணில் கிடந்தது.

ஊசியில் நூல் கோத்து விடுதல்

நூல் கோத்த ஊசியைக் கொப்புளத்தில் செலுத்தி நூலை உள்ளேயே விட்டால், அதன் வழியாக நீர் வடியும் என்பது உண்மை. அதே நூல் வழியாகச் சாலை அழுக்கும் உள்ளே ஏறும். தீக்குச்சியில் ஊசியைச் சுட்டுக் கரி படிந்த முனையால் குத்துவதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

பற்பசை, காபித்தூள், மஞ்சள்தூள்

வேண்டாம். திருநீற்றையும் நெற்றிக்கே இடுங்கள்.

ரத்தக் கொப்புளத்தைக் குத்துதல்

கூடாது.

சுட்ட கொப்புளத்துக்கும் இதே வைத்தியம் செய்தல்

நடுப்பகல் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்து வந்த கொப்புளம் உராய்வால் வந்ததாக இல்லாமல், தீப்புண்ணாக இருக்கலாம். பாதம் முழுவதும் சிவந்து எரிந்தால் அப்படித்தான் கொள்ள வேண்டும். அதை ஊசியால் தொடாமல், குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு 20 நிமிடம் காட்ட வேண்டும். பனிக்கட்டி வைக்கக் கூடாது. பங்குனி உத்திரத்துக்கு நடப்பவர்களுக்கு இது தைப்பூசக்காரர்களைவிட அதிகம் வருகிறது.

சர்க்கரை உள்ளவர்கள் வலியை நம்பி இருத்தல்

ஓர் அம்மா பந்தலுக்கு வந்து, "காலில் ஒன்றுமில்லை தம்பி, இந்தச் செருப்புதான் ஏனோ ஈரமாகவே இருக்கிறது, துடைக்கத் துணி இருந்தால் கொடுங்கள்" என்று கேட்டார். செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தால், பெருவிரலுக்கடியில் கொப்புளம் உடைந்து, தோல் மடிந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. நரம்பு மரத்துப்போன பாதத்துக்கு வலி தெரியாது; வலி தெரியாதவர் நடையை நிறுத்துவதுமில்லை. இவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தோ, கூட வருபவரிடம் காட்டியோ பார்க்க வேண்டும். மேலே சொன்ன ஊசி வைத்தியம் எதையும் தாமாகச் செய்யாமல், சின்னக் கொப்புளமாக இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். வெறுங்கால் வேண்டுதல் இவர்களுக்கு ஏற்றதில்லை என்று பந்தலில் சொல்லிச் சொல்லிப் பலரிடம் நான் வசவு வாங்கியிருக்கிறேன். தொடர்ந்து சொல்லத்தான் போகிறேன்.

கொப்புளம்தானே என்று விட்டுவிடுதல்

1924ஆம் ஆண்டு அமெரிக்க அதிபராக இருந்த கால்வின் கூலிஜின் 16 வயது மகனுக்கு, காலுறை இல்லாமல் காலணி அணிந்து டென்னிஸ் ஆடியதில் கால்விரலில் கொப்புளம் வந்தது. அது சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தில் கலந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவர் இறந்துபோனார். அன்றைக்கு ஆன்டிபயாட்டிக் இல்லை, இன்றைக்கு இருக்கிறது. ஆனால் அதை எழுதிக்கொடுக்க மருத்துவர் காலைப் பார்த்தாக வேண்டும். தெளிந்த நீருக்குப் பதிலாக மஞ்சள் நிறச் சீழ் வந்தாலும், சுற்றிலும் சிவப்பு பரவினாலும், சிவந்த கோடு கணுக்காலை நோக்கி ஏறினாலும், தொடையிடுக்கில் நெறி கட்டினாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றே நடையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாலை மண் பட்ட புண்ணாக இருந்து, டெட்டனஸைத் தடுக்கும் டிடி ஊசி போட்டு 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பிய பிறகு அவசரப்படுதல்

ஊர் வந்து ஒரு வாரம் பத்து நாளில் பழைய தோல் காய்ந்து, ஓரம் தூக்கிக்கொண்டு சாக்ஸில் மாட்டும். அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் மூடி, தொட்டால் வலிக்காமல் இருந்தால், தூக்கி நிற்கும் பகுதியை மட்டும் சுத்தமான கத்தரிக்கோலால் நறுக்கிவிடலாம். இன்னும் ஒட்டியிருக்கும் பகுதியை இழுக்காதீர்கள். அது நான்கு நாளில் குளிக்கும்போது தானாகவே போய்விடும்.