ஆசையாய்ச் சேர்த்த துணியில் குவில்ட்: முதலில் பூவை அளந்து பாருங்கள்

குவில்ட் என்றால் துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை. அதற்கு டிசைன் தேடுவதற்கு முன், துணியில் உள்ள பெரிய பூவை டேப் வைத்து அளந்துவிடுங்கள். பூ 7 இன்ச் என்றால் 10 இன்ச் சதுரம்தான் சரி. நாலு பக்கமும் கால் இன்ச் தையலுக்குப் போக 9½ இன்ச் நிற்கும். வரிசைக்கு 6 வீதம் 8 வரிசை, 48 சதுரம் போட்டால் 57-க்கு 76 இன்ச். ஒற்றைக் கட்டிலுக்குத் தாராளம்.

அதே துணியை 2½ இன்ச் துண்டாக நறுக்கினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தையலுக்குள்ளேயே மறைந்துவிடும், பூவும் சிதறிப்போகும். முக்கோணம் இன்னும் வம்பு. கிராஸாக வெட்டிய ஓரம் இழுபட்டு மூலைகள் ஒன்று சேராது. சுங்குடிப் புள்ளி, பொடிக் கட்டம் மாதிரி துணிகள்தான் சின்னத் துண்டைத் தாங்கும்.

கத்தரி வைக்குமுன் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சிவப்பும் கருநீலமும்தான் பெரும்பாலும் சாயம் விடும்.