ஒரு மாநிலத்தின் சேவைத் துறை வேலைக் கணக்கைப் படிப்பது எப்படி?

சேவைத் துறையில் வேலை பார்ப்பவர்களின் பங்கு கூடினால் மாநிலம் வளர்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒற்றை விழுக்காட்டிலிருந்து அப்படி எதுவும் தெரியாது. கூடியது எந்தச் சேவை, எந்த வகை வேலை என்று பிரித்த பிறகே அது பேசத் தொடங்கும்.

அடிப்படைத் தரவு, தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 முதல் நடத்திவரும் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு (Periodic Labour Force Survey); சுருக்கமாக பிஎல்எஃப்எஸ். அதன் ஆண்டறிக்கையில் மாநில வாரி அட்டவணையை எடுங்கள். கடந்த 365 நாளை வைத்து எண்ணும் 'வழக்கமான நிலை' என்ற கணக்கையே கடைசிவரை பயன்படுத்துங்கள். 'நடப்பு வார நிலை' வேறு கணக்கு: ஏழு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே ஒருவர் அதில் வேலையில் இருப்பவர். இரண்டையும் கலந்தால் இல்லாத ஏற்ற இறக்கம் தெரியும். 2025 ஜனவரியிலிருந்து மாதிரி எடுக்கும் முறை மாறியிருக்கிறது. ஜூலை–ஜூன் ஆண்டும் ஜனவரி–டிசம்பர் ஆகிவிட்டது. பழைய வரிசையோடு நேரடியாக ஒட்டிப் பார்க்காதீர்கள்.

தேசியத் தொழில் வகைப்பாடு 2008இன்படி 45 முதல் 99 வரையுள்ள பிரிவுகள் சேவை. கட்டுமானம் (41–43) இதில் சேராது. வேளாண்மை அல்லாத எல்லாவற்றையும் சேவை என்று கூட்டிவிடும் கட்டுரைகள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன.

அடுத்து, விழுக்காட்டை ஆள் எண்ணிக்கையாக மாற்றுங்கள். ஒரு மாநிலத்தில் 15 வயதுக்கு மேற்பட்டோர் 6 கோடி, அவர்களில் வேலையில் இருப்போர் 55%, சேவையின் பங்கு 40% என்று வைத்துக்கொள்வோம். சேவையில் இருப்பவர்கள் 1.32 கோடி. மறு ஆண்டு வேலையில் இருப்போர் 53% ஆகக் குறைந்து, சேவையின் பங்கு 41% ஆகிறது. எண்ணிக்கை சுமார் 1.30 கோடிதான். பங்கு ஏறியிருக்கிறது, ஆட்கள் குறைந்திருக்கிறார்கள். மக்கள்தொகைக்கு 2011–2036 காலத்துக்கான அரசின் கணிப்பு அட்டவணையை எடுத்துக்கொள்ளலாம்.

இனிதான் முக்கியமான வேலை. சேவையை மூன்றாகவாவது உடையுங்கள்: வணிகம், போக்குவரத்து, உணவகம் (45–56) ஒன்று, தகவல் தொழில்நுட்பம், நிதி, தொழில்முறைச் சேவைகள் (58–75) இன்னொன்று, அரசு நிர்வாகம், கல்வி, மருத்துவம் (84–88) மூன்றாவது. மீதியைத் தனியே வையுங்கள். ஒவ்வொன்றிலும் மாதச் சம்பளக்காரர், சுயதொழில் செய்வோர், தினக்கூலி, சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலில் உதவுவோர் எவ்வளவு என்று பாருங்கள். வணிகத்தில் மட்டும், அதுவும் சுயதொழிலாகவும் குடும்ப உதவியாகவும் கூடியிருந்தால், வேறு வேலை கிடைக்காதவர்கள் கடை போட்டிருக்க வாய்ப்பு அதிகம். அங்கே வருமான அட்டவணையையும் திறந்து பாருங்கள். ஆட்கள் கூடி, சராசரி வருமானம் விலைவாசிக்கு ஈடாக ஏறாமல் இருந்தால் அந்த ஐயம் வலுப்படும். மாதச் சம்பளக்காரர்களில் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், சம்பளத்துடன் விடுப்பு, சமூகப் பாதுகாப்பு இல்லாதோர் எத்தனை விழுக்காடு என்ற அட்டவணையும் அதே அறிக்கையில் உண்டு. பலர் புரட்டாமல் விடும் பக்கம் அது.

வேலைக்கு ஆள் தரும் ஏஜென்சி, காவல் பணி, துப்புரவு (77–82) ஆகியவற்றில் திடீர் ஏற்றம் தெரிந்தால் நின்று யோசியுங்கள். ஓர் ஆலை தன் காவலாளிகளை ஏஜென்சிக்கு மாற்றினால், அதே ஆள் அதே வாசலில் நிற்க, கணக்கில் மட்டும் உற்பத்தித் துறையிலிருந்து சேவைக்கு நகர்ந்துவிடுவார்.

கடைசியாக உற்பத்தி மதிப்போடு ஒப்பிடுங்கள். நாட்டளவில் மதிப்புக் கூட்டலில் (உற்பத்தி மதிப்பில் இடுபொருள் செலவு போக மிஞ்சுவது) பாதிக்கு மேல் சேவையிலிருந்து வருகிறது. வேலையிலோ 2023-24இல் சுமார் 30%தான். மாநிலத்துக்கும் இந்த இடைவெளியை நிலை விலையில், அதாவது விலையேற்றத்தை நீக்கிய மதிப்பில், கணக்கிடலாம். ஆனால் பிஎல்எஃப்எஸ் ஆளை அவர் குடியிருக்கும் வீட்டில் வைத்து எண்ணுகிறது. உற்பத்தி மதிப்போ வேலை நடக்கும் இடத்தில் பதிவாகிறது. டெல்லியில் குடியிருந்து குருகிராமில் வேலை பார்ப்பவரின் உழைப்பு டெல்லியிலும், அதன் மதிப்பு ஹரியானாவிலும் சேரும். இப்படி அண்டை மாநிலத்துக்கு ஆட்கள் வேலைக்குப் போய்வரும் மாநிலங்களில் ஓர் ஆளுக்கான உற்பத்தி என்று வகுத்துச் சொல்லும்போது இதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

சரிபார்க்க வருங்கால வைப்பு நிதியின் மாதாந்திரச் சம்பளப் பட்டியல் தரவு உதவும். அது முறைசார் வேலையை மட்டும் காட்டும், பிந்தைய மாதங்களில் திருத்தப்படும். அதில் 'நிபுணர் சேவைகள்' என்ற தலைப்பைக் கண்டு மென்பொருள் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். ஆள் வழங்கும் ஒப்பந்ததாரர்களும் காவல் நிறுவனங்களும் அதற்குள்தான் இருக்கின்றன.