பிரஸ் வண்டி வாங்குவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பழைய பைக் விலை பேசும்போது "இது பிரஸ் வண்டி சார், கம்பெனியே வச்சு பராமரிச்சது" என்று புரோக்கர் சொன்னால், அதாவது பத்திரிகையாளர்கள் ஓட்டிப் பார்த்து எழுதக் கம்பெனி கொடுத்த வண்டி என்றால், உடனே நம்பத் தோன்றும். ஓசூரிலேயே டிவிஎஸ், ஏத்தர் ஆலைகள் இருக்கின்றன, பெங்களூரும் பக்கம்தான். ஆனால் அப்படிக் கொடுத்த வண்டிகள் எல்லாமே வெளியே விற்பனைக்கு வருவதில்லை. முதல் தவறே அங்கேதான் நடக்கிறது.

புது மாடலை அறிமுகம் செய்யும்போது பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டக் கொடுப்பது பல நேரம் முன்தயாரிப்பு வண்டி, அதாவது விற்பனைக்கான தயாரிப்பு தொடங்கும் முன் செய்தது. விற்பனைக்கு வரும் வண்டியிலிருந்து அதன் பாகங்களும் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மென்பொருளும் மாறியிருக்கலாம். வேலை முடிந்ததும் ஆலைக்கே திரும்பும். அங்கே பிரித்துத் தேய்மானம் பார்ப்பார்கள், பிறகு நசுக்கிவிடுவார்கள். சில வண்டிகள் பாடம் நடத்த ஐடிஐ, பாலிடெக்னிக்குகளுக்குப் போகும். அப்படிப் போனது பிற்பாடு காயலான் கடைக்கு வந்து, "ஆர்சி போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். முதல் பதிவுக்குப் படிவம் 21 விற்பனைச் சான்றும், உற்பத்தியாளர் தரும் படிவம் 22 தகுதிச் சான்றும் வேண்டும். கம்பெனி 22 தராத வண்டியை எந்த ஆர்டிஓவும் பதிய மாட்டார். சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து இருந்தால் அது ட்ரேட் சர்டிபிகேட்டில் (பதிவாகாத வண்டியை ஓட்டக் கம்பெனிக்கோ டீலருக்கோ தரும் அனுமதி) ஓடுகிறது, இன்னும் பதிவாகவில்லை என்று பொருள்.

நீங்கள் வாங்கக்கூடியது இன்னொரு வகை. கம்பெனி பெயரிலேயே பதிவாகி, இன்சூரன்ஸ் போட்டு, ஒவ்வொரு பத்திரிகைக்கும் சில வாரம் போய்வந்த வண்டி. சில மாதம் கழித்து சர்வீஸ் செய்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, ஊழியர்களுக்கோ டீலருக்கோ விற்றுவிடுவார்கள்.

இதில் பலர் ஏமாறுவது கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்து. 4,000 கிமீதான் என்றாலும் அதில் பாதி முழு த்ராட்டிலில் ஓடியிருக்கலாம். வேக அளவீட்டுக்காகக் கிளட்சை எரித்துக் கிளப்பியிருப்பார்கள், போட்டோவுக்காக முன்சக்கரத்தைத் தூக்கி வீலி அடித்திருப்பார்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரை ஒரு விரலால் மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் "டக்" என்று பிடித்தால் கோன் செட்டில் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்) பள்ளம் விழுந்திருக்கிறது. இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அதே நிலையில் ஃபோர்க்கின் இரண்டு காலையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. ஹேண்டில்பார் முழுக்கத் திரும்பி நிற்கும் ஸ்டாப்பர் நசுங்கியிருந்தால் வண்டி பலமாக விழுந்தது. டேங்கில் புது பெயிண்ட் அடிப்பவர்கள் இந்த இடத்தை மறந்துவிடுவார்கள்.

கிளட்சுக்கு: நான்காம் கியரில் 40 கிமீ வேகத்தில் த்ராட்டிலை முழுக்கத் திறங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் போயிற்று. இதற்காகத் தொப்பூர் கணவாய்க்குப் போகாதீர்கள், அங்கே லாரிகளுக்கு நடுவே சோதனை ஆபத்து. ஊருக்கு வெளியே காலியான நேர்ச்சாலை போதும். டயர் பக்கவாட்டில் 2324 என்று இருந்தால் 2024இன் 23ஆம் வாரத் தயாரிப்பு. வண்டியை விட டயர் வெகு புதிதாக இருந்தால் பழையதை ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேசிஸ் எண் கொடுத்தால் சர்வீஸ் வரலாறும், ஈசியூ அப்டேட் ஆனதா என்பதும் தெரியும்.

காகிதம் வராமல் பணம் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கேஏ (கர்நாடகா), எம்எச் (மகாராஷ்டிரா) எண் என்றால் அங்குள்ள ஆர்டிஓ தரும் படிவம் 28 என்ஓசி (ஆட்சேபணையில்லாச் சான்று) முதலில் கையில் வரட்டும். தமிழ்நாட்டு வாழ்நாள் வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள், "மலிவு" அங்கேயே கரையலாம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கம்பெனியின் அதிகாரம் பெற்றவர் கையெழுத்தும் முத்திரையும், அவருக்கான அதிகாரக் கடிதமும் வேண்டும். நடுவில் வாங்கிய டீலர் பெயர் மாற்றாமலே விற்றால் அந்தக் கையெழுத்துக்காக நீங்கள்தான் அலைய வேண்டிவரும். கம்பெனி தந்த பில்லில் உள்ள இன்ஜின், சேசிஸ் எண்களை வண்டியில் பொறித்ததோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள்.

வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குக் கிளெய்ம் நிற்காது. கம்பெனியின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) உங்களுக்கு வராது.