வேலூரில் இருந்துகொண்டு கடல் பாதுகாப்பு வேலைக்குப் படிப்பது எப்படி?

கடல் பாதுகாப்பு என்றதும் நிறைய பேர் நேராக ஸ்கூபா வகுப்புக்குக் காசு கட்டப் பார்க்கிறார்கள். அதெல்லாம் அப்புறம். மீனவ மக்களோடு சேர்ந்து கடலைக் காக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், வேலையில் பாதி கரையில்தான், வலை சீர்செய்யும் இடத்திலும் ஊர்ப் பஞ்சாயத்துக் கூட்டத்திலும். ஆகவே கடல் இல்லாத ஊர்க்காரர் என்று தயங்க வேண்டாம்.

படி 1: படிப்பைத் தேடும் முன் கரையைப் பாருங்கள்

காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சென்னை. அங்கே 1988 முதல் மாணவர்களே நடத்தும் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்கிறது. பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) முட்டையிட வரும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் இரவெல்லாம் மணலில் நடப்பார்கள், பொதுமக்களையும் கூட்டிப் போவார்கள். ஒரு ராத்திரி போய் வாருங்கள். தூக்கம் கெட்டு, கால் வலித்து, ஆமையே கண்ணில் படாமல் திரும்பினாலும் மறுபடி போகத் தோன்றுகிறதா? சரி, அடுத்த படிக்கு வரலாம்.

படி 2: பக்கத்து ஏரியில் பழகுங்கள்

இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. காவேரிப்பாக்கம் ஏரிக்கோ உங்கள் ஊர் ஏரிக்கோ போய், மீன்பாசி ஏலம் (ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்கான ஏலம்) யார் எடுக்கிறார்கள், குஞ்சு விடுவது யார், எந்தக் கண்ணி வலை போடுகிறார்கள், தண்ணீர் வற்றினால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டு எழுதுங்கள். நோட்டை நீட்டிக்கொண்டு போகாதீர்கள், டீக்கடையில் உட்கார்ந்து "அண்ணே, இந்த வருஷம் மீன் எப்படி?" என்று ஆரம்பித்தால் போதும். இங்கே பழகும் காது கடற்கரையில் அப்படியே உதவும்.

எதற்கு இவ்வளவு? மீன் கூட்டத்தையே சுற்றி வளைத்து, அடியைச் சுருக்கி அள்ளும் சுருக்குமடி வலையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசு 2000இல் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வாரத்தில் இரண்டு நாள், 12 கடல் மைலுக்கு அப்பால் மட்டும் என்று இடைக்கால அனுமதி தந்தது. சிறு மீனையும் சேர்த்து அள்ளிவிடுகிறது என்று ஒரு ஊர் எதிர்க்கும், கடன் வாங்கி வலை வாங்கிய இன்னொரு ஊர் விடாது. இரண்டு ஊரிலும் உட்கார்ந்து பேசத் தெரியாதவருக்கு எத்தனை பட்டம் இருந்தாலும் இந்த வேலை ஓடாது.

படி 3: பட்டம்

பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருந்தால், நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருட பி.எஃப்.எஸ்சி. (மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டம்) இருக்கிறது, தூத்துக்குடி, பொன்னேரி கல்லூரிகளும் அதன் கீழ்தான். வேலூர் ஊரீசு கல்லூரியில் விலங்கியல் படிக்கிறவர் அதை விட்டு ஓட வேண்டாம். முடித்துவிட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையத்தில் கடல் உயிரியல் எம்.எஸ்சி.க்குப் போடலாம். என் ஓட்டு இதற்குத்தான். வெள்ளாற்று முகத்துவாரத்திலேயே வகுப்பு, பக்கத்தில் பிச்சாவரம் அலையாத்திக் காடு, சுற்றிலும் மீனவ ஊர்கள். காட்பாடியில் இருந்து திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் ரயிலில் போய், அங்கே மாறிக்கொள்ளலாம். சமூகப்பணி, சமூகவியல் படித்தவர்களும் வரலாம். மீன் பெயர் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், மக்களிடம் பேசத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

படி 4: படிக்கும்போதே சேர்க்க வேண்டியவை

நீச்சல், கிணற்று நீச்சலாக இருந்தாலும். வரைபட மென்பொருளில் க்யூஜிஐஎஸ், அது இலவசம். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயர்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுக்காரர்கள் கரையில் இருக்கும் அந்த மாதங்களில் உங்களுக்கும் கோடை விடுமுறை வரும், களப் பயிற்சிக்கு அதுதான் நேரம்.

படி 5: முதல் வேலை

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் உள்ள நிலையம், சென்னையில் உள்ள தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையம், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் திட்டத்துக்குத் திட்டம் தற்காலிக ஆள் எடுப்பார்கள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும், இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். கடல்பசு வலையில் சிக்கினால் வலையை அறுத்து அதை உயிரோடு விட்டுவிடச் சொல்லி மீனவரிடம் பேச உள்ளூர்த் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும். விண்ணப்பத்தில் மதிப்பெண்ணுக்குக் கீழே அந்த ஏரி நோட்டைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள்.