கலகக்கார மாலுமியைப் பழைய கப்பல் ஏடுகளில் தேடிப் பிடிப்பது எப்படி?

18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கடற்படையில் இருந்த சாதாரண மாலுமியை ஆள் பெயரை வைத்துத் தேடத் தொடங்காதீர்கள். அன்று மாலுமிகளுக்குப் பொதுப் பதிவேடு கிடையாது. எல்லாம் கப்பல்வாரியாகத்தான் கிடக்கிறது. கப்பலும் ஆண்டும் தெரிந்தால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் 'ஏடிஎம் 36' (ADM 36) வரிசையைக் கேளுங்கள். அவை மஸ்டர் ரோல்கள், அதாவது கப்பலில் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியல்கள்.

பெயருக்கு நேரே கப்பலில் சேர்ந்த தேதி, பதவி இருக்கும்; 1764 முதல் வயதும் பிறந்த ஊரும் இருக்கும். அடுத்து வரும் எழுத்துகளில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'டி' (D) என்றால் செத்தவன் இல்லை, கப்பலிலிருந்து விடுவிக்கப்பட்டவன். பக்கத்தில் வேறு கப்பலின் பெயர் இருந்தால் அந்தக் கப்பலின் ஏட்டுக்குப் போங்கள். இறந்தவனுக்கு 'டிடி' (DD), ஓடிப்போனவனுக்கு 'ஆர்' (R).

கப்பல் நாட்குறிப்பைப் படிக்கும்போது தேதியில் கவனம் தேவை. 1805 வரை கடற்படையின் நாள் முந்தைய நண்பகலில் தொடங்கியது. பிற்பகல் முதல் நள்ளிரவு வரையிலான குறிப்பு என்றால் ஒரு நாள் கழியுங்கள். காலைக் குறிப்பை அப்படியே எடுக்கலாம். பிரிட்டிஷ் கடற்படையின் பவுன்டி கப்பலில் கேப்டன் பிளைக்கு எதிராகக் கலகம் வெடித்தது 1789 ஏப்ரல் 28 விடியலில். அதனால் அந்தத் தேதி மாறாது.

கலகக்காரன் பெயரை மாற்றிக்கொண்டிருப்பான் என்று எண்ணியே தேடுங்கள். பவுன்டி கலகக்காரர்களில் ஒருவர் ஜான் ஆடம்ஸ், ஆனால் அந்தக் கப்பல் ஏட்டில் அப்படி யாருமே இல்லை. அவர் அலெக்சாண்டர் ஸ்மித் என்ற பெயரில் சேர்ந்தவர். 1808இல், கலகக்காரர்கள் ஒளிந்திருந்த பசிபிக் கடலின் பிட்கேர்ன் தீவுக்கு வந்த அமெரிக்கக் கப்பலுக்கும் ஸ்மித் என்றே சொன்னார்.

இங்கே கைகொடுப்பது அங்க அடையாளம். கலகக்காரர்களால் படகில் இறக்கிவிடப்பட்ட கேப்டன் பிளை, கலகக்காரர்களின் அடையாளங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அது இன்று கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஸ்மித்: வயது 22, உயரம் 5 அடி 5 அங்குலம், அம்மைத் தழும்பு, உடலெங்கும் பச்சை குத்தியது, வலது பாதத்தில் கோடரி வெட்டு. இவ்வளவு துல்லியம் வேறெங்கும் கிடைக்காது.

பிடிபட்டவர்களுக்கு மட்டும் 'ஏடிஎம் 1' வரிசையில் விசாரணைப் பதிவு உண்டு. பவுன்டி வழக்கில் 1792 செப்டம்பரில் 10 பேர் விசாரிக்கப்பட்டார்கள், பிறகு அவர்களில் 3 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். கைதிகள் பேசியது உயிருக்காக. அதனால் யார் கையில் ஆயுதம் இருந்தது என்பதை ஒவ்வொரு சாட்சியத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வயதைக் கடைசியாகச் சரிபாருங்கள். ஆடம்ஸின் கல்லறைப் பலகை 1829இல் 65 வயது என்கிறது. பிளையின் கணக்கில் 62தான் வரும். அவர் ஊரான லண்டன் ஹாக்னியின் திருச்சபை ஞானஸ்நானப் பதிவேட்டை 1763 முதல் 1768 வரை முழுதாகப் புரட்டுங்கள், ஆடம்ஸ் என்ற பெயரில்.